பொம்மியின் மீசை

ஷிட்ஸு இன நாய் வைத்திருக்கிறவர்களிடம் எல்லாரும் கேட்கிற கேள்வி, "இதுக்கு என்ன சாப்பாடு போடறீங்க, வாய்ப் பக்கம் இப்படி வாடை அடிக்குது?" என்பதுதான். என்னைக் கேட்டால், சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பதற்கு முன் தாடியைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நசநசவென்று ஈரமாக இருக்கும். வாடை அங்கிருந்துதான் கிளம்புகிறது.

எங்கள் பொம்மிக்கு வேகவைத்த கோழி, குழைந்த சோறு, கொஞ்சம் பூசணிக்காய், வெயில் காலத்தில் மேலாக ஒரு ஸ்பூன் தயிர். மூக்கு சப்பை, தாடை குட்டை என்பதால் முகத்தையே தட்டில் அமுக்கித்தான் சாப்பிட முடியும். நிமிரும்போது மீசை முழுக்கப் பருக்கை. அது எச்சிலோடு சேர்ந்து முடிக்குள் இறங்கிவிடும். நாய்த் தோலில் எப்போதும் கொஞ்சம் இருக்கிற மலசீசியா என்ற ஈஸ்ட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் போதும், பெருக ஆரம்பித்துவிடும். சென்னைப் புழுக்கத்தில் தாடி தானாகக் காயும் என்று காத்திருந்தால் அடுத்த வேளைச் சாப்பாடே வந்துவிடும்.

அதனால் சாப்பிட்டு முடித்த கையோடு, அவள் சோபாவில் முகத்தைத் தேய்ப்பதற்கு முன்னால் மடியில் தூக்கி வைத்துக்கொள்வேன். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பழைய பருத்தித் துணியை முதலில் தாடியின் மேல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். காய்ந்த சோறு ஊறிக்கொடுக்கும். இழுத்துப் பிய்க்க வேண்டியிருக்காது. பிறகு மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டு, ஸ்டீல் பேன் சீப்பால் நுனியில் ஆரம்பித்து வேர் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவேன். இன்னொரு கையால் முடியின் அடியைப் பிடித்துக்கொண்டால் தோல் இழுபடாது. சீப்பின் பல் எப்போதும் கண்ணை விட்டு விலகித்தான் போக வேண்டும். இந்த இனத்துக்குக் கண் துருத்திக்கொண்டிருப்பதால் கருவிழியில் சுலபமாகக் கீறல் பட்டுப் புண்ணாகிவிடும். கண்ணோரத்துக்குத் தனித் துணி. வாயைத் துடைத்த துணியைக் கண்ணுக்குக் கொண்டுபோகவே கூடாது.

அப்புறம்தான் முக்கியமான வேலை, ஈரத்தை ஒற்றி எடுப்பது. தேங்காய்ப்பூத் துண்டைவிட எனக்குப் பிடித்தது நம்ம ஊர் ஈரிழைத் துண்டுதான். மெல்லிசாக இருப்பதால் உதட்டு மடிப்புக்குள் விரலோடு சேர்ந்து போகும். கீழ் உதட்டில், கோரைப் பல்லுக்குப் பின்னால் ஒரு மடிப்பு இருக்கிறது. அதை விரித்துப் பாருங்கள், மேலே எவ்வளவு துடைத்திருந்தாலும் அங்கே ஒரு பருக்கை ஒளிந்திருக்கும். வெளியே தாடி பளபளவென்று இருந்தும் வாடை போகாததற்குப் பல வீடுகளில் இந்த மடிப்புதான் காரணம்.

அம்மா மஞ்சள் தடவச் சொல்வார். வெள்ளை முடியில் மஞ்சள் ஏறினால் இறங்காது. தேங்காய் எண்ணெயும் வேண்டாம், தூசியை இழுத்து ஒட்டிக்கொள்ளும். நம்முடைய சோப்பும் ஷாம்பூவும் நாயின் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. தினசரிக்கு வெறும் தண்ணீரே போதும். வாயைச் சுற்றி முடி செம்பட்டையாகிறதே என்று சிலர் போட்டுத் தேய்ப்பார்கள். எச்சிலிலும் கண்ணீரிலும் இருக்கிற போர்ஃபிரின் என்ற நிறமி படிந்த கறை அது. தேய்த்தால் தோல்தான் சிவக்கும், கறை அப்படியே இருக்கும். ஈரம் தங்காமல் பார்த்துக்கொண்டால் புதிதாக வளரும் முடியில் கறை குறையும்.

சாப்பாட்டுக்கு அகலமான, ஆழமில்லாத ஸ்டீல் தட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் கீறல் விழுந்தால் எண்ணெய்ப் பிசுக்கு அதிலேயே தங்கிவிடும். தண்ணீருக்கு உருண்டை வைத்த பாட்டிலை மாட்டினால் தாடி நனையாது, உண்மைதான். ஆனால் மே மாத வெயிலில் சொட்டுச் சொட்டாக நக்கி ஒரு நாய்க்குத் தாகம் அடங்குமா? பொம்மிக்குக் கிண்ணம்தான். அவள் குடித்துவிட்டு வரும்போதெல்லாம் துண்டோடு நான் போகிறேன், அவ்வளவுதான். தாடியையும் உதட்டுக்குக் கீழே ஒரு விரல் அளவுக்கு மேல் வளர விடுவதில்லை.

இவ்வளவு செய்தும் வாடை நிற்கவில்லையா? வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். நாய்க்கு 42 பற்கள். ஷிட்ஸுவின் குட்டைத் தாடையில் அத்தனையும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால் இடுக்கில் காரை சீக்கிரம் கட்டும், ஈறு வீங்கும். அதைத் துணியால் துடைத்துத் தீர்க்க முடியாது. கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பல்லைச் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டில் பல் தேய்ப்பதற்கு நாய்க்கென்று விற்கிற பேஸ்ட் மட்டும்தான். நம்முடைய பேஸ்ட்டில் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். கொஞ்சமாக இருந்தாலும் தொடவே வேண்டாம்.