பின்னால் நிற்க ஆளில்லாத ஆட்டம்

போக்கர் ஆட வரச்சொல்லி, வேலை இடத்து நண்பர் வீட்டுக்கு அழைத்திருந்தார். என் கைக்கு இரண்டு சீட்டு வந்ததும் மனைவி வழக்கம்போலப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். "ஒரு கைக்கு ஒருவர்தான்" என்றார் நண்பர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் சுருக்கென்றது.

நம் வீட்டு ரம்மியில் பின்னால் நிற்பவர்தானே பாதி ஆட்டக்காரர்! ஜோக்கர் சேராத ரம்மி வரிசை ஒன்று சேராமல் எதிராளி டிக்ளேர் செய்துவிட்டால் 80 புள்ளி வரை தலையில் விழும். அதனால் "அந்த ஏழாம் நம்பரை விடாதே" என்று மாமா காதோரம் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்.

போக்கரில் அதற்கு இடமில்லை. யோசித்தால் நியாயம்தான். டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்தில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரியும். ரகசியம் என்பது கையிலுள்ள இரண்டு மட்டுமே. ஆட்டத்தை விட்டவர்கூட "நான் ஏஸைப் போட்டுவிட்டேன்" என்று வாய் திறக்கக்கூடாது. நான்கு ஏஸில் ஒன்று போனது தெரிந்தால் மற்றவர்கள் கணக்கே மாறிவிடும்.

சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டும் டீலர் வில்லை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு கைக்கும் அது கடிகாரச் சுற்றில் ஓர் இடம் நகரும், சீட்டு வருமுன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் பந்தயமான பிளைண்டும் கூடவே நகரும். யார் முதலில் கட்டுவது என்ற சச்சரவே கிடையாது. பொதுச்சீட்டு விரிக்கும் ஒவ்வொரு முறையும் மேல்சீட்டு ஒன்றைக் கவிழ்த்து ஒதுக்குகிறார்கள். அதன் முதுகில் அடையாளம் இருந்தாலும் யாருக்கும் உதவாது. எவ்வளவு கவனம்!

இப்போது எங்கள் வீட்டிலும் ஆட்டம் நடக்கிறது. பணம் கிடையாது, சில்லு மட்டும். பிளைண்டு 25, 50; ஆளுக்கு 5000 சில்லு. 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்டு ஏறும், இல்லாவிட்டால் விடிந்தாலும் முடியாது. இரண்டு நிறத்தில் இரண்டு சீட்டுக்கட்டு: ஒன்றைப் பரிமாறும்போதே மற்றதைக் கலைத்து வைத்துவிடலாம்.

இந்த ஒழுங்கு பழகிவிட்டது, பிடித்தும்விட்டது. ஆனால் சில்லு தீர்ந்து ஒருவர் எழுந்தாரென்றால் மாமா நினைவு வந்துவிடும். தோற்றதும் நாற்காலியை இழுத்துப் பக்கத்துக் கைக்குள் நுழைந்துவிடுவாரே! இங்கே தோற்றவர் மூலையில் போய் போனைப் பார்க்கிறார். அதைப் பார்க்க எனக்கு மனசே வரவில்லை. அதனால் எங்கள் வீட்டில் ஒரு விதி சேர்த்தேன்: முதலில் வெளியேறுபவர்தான் அதன்பின் சீட்டுப் போடவேண்டும், பிளைண்டு நேரமும் அவர் பொறுப்பு. வில்லை தன்பாட்டுக்குச் சுற்றட்டும், கட்டு அவர் கையில்.