மேட்டில் நட்ட அத்தி

2024 மாசி 18, வட்டக்கச்சி

யாழ்ப்பாணத்திலிருந்து மச்சாள் கொடுத்தனுப்பிய எட்டுச் சீமை அத்தித் தடிகளும் ஈரச் சாக்கில் சுற்றியபடி இன்று காலை வாடாமல் வந்து சேர்ந்தன. அவருடைய முற்றத்தில் ஆண்டுதோறும் காய்த்துப் பழுக்கின்ற மரத்திலிருந்து வெட்டப்பட்டவை என்பதற்காகவே இவற்றைக் கேட்டு வாங்கினேன். பழுக்கின்ற மரம் என்று அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. 2018இல் கனடாவிலிருந்து வந்த அண்ணன் கொண்டுவந்த உலர்ந்த துருக்கி அத்திப்பழத்தின் விதைகளைச் சாம்பலில் பிரட்டி முளைக்கவைத்து, தப்பிய ஒரேயொரு கன்றை ஐந்து ஆண்டுகள் பிள்ளையைப் போல வளர்த்தேன். அது ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கவும் தொடங்கியது. ஆனால் ஒவ்வொரு காயும் போளையளவு பருத்ததும் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிடும்.

உரம் போதவில்லை என்று நினைத்து மாட்டெரு போட்டேன். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரட்டிப்பாக ஊற்றினேன். பிழை விதையிலேயே இருந்தது என்பது பின்னர்தான் விளங்கியது. உலர்த்துவதற்கென்று துருக்கியில் வளர்க்கும் சிமிர்னா வகை அத்தி, ஒரு சிறு குளவி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்த்தால் மாத்திரமே பழமாகும். அதன் விதையில் முளைப்பவற்றில் ஏறத்தாழ அரைவாசி, தின்ன உதவாத காய் காய்க்கும் காட்டு அத்தியாகவே போய்விடும். வன்னியில் என் வளவுக்கு அந்தக் குளவி எங்கிருந்து வரும்? சென்ற ஆண்டு மனம் நொந்து அந்த மரத்தைத் தறித்தேன். மகரந்தம் சேராமலே பழுக்கும் வகைகளும் இருக்கின்றன. அவற்றைத் தடியில் இருந்துதான் எடுக்க வேண்டும். தாய் மரம் எப்படியோ தடியும் அப்படியே.

ஒவ்வொரு தடியும் ஒரு சாண் நீளமும் பெருவிரல் தடிப்பும் கொண்டது. மூன்று நான்கு கணுக்கள் உள்ளன. அடிக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டி, வழிந்த பால் காயும்வரை ஒரு நாள் நிழலில் வைக்கப் போகிறேன். நாளை ஆற்று மணலும் தும்புத்தூளும் சரிபாதியாகக் கலந்த பைகளில், இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றி, மாமரத்தடியில் வைப்பேன்.

2024 பங்குனி 24

எட்டிலும் இலை வந்துவிட்டது என்று இரண்டு வாரத்துக்கு முன்னர் அம்மாவிடம் மகிழ்ந்து சொன்னேன். அது அவசரப்பட்ட மகிழ்ச்சி. தடியில் சேர்ந்திருக்கும் உணவைக் கொண்டே முதல் இலைகள் விரிகின்றன. வேர் அதற்குப் பின்னர்தான் ஓடும். வேர் வந்ததா என்று பார்க்க ஒன்றைப் பிடுங்கி, அப்போதுதான் துளிர்த்திருந்த வெள்ளை வேர்களை நானே அறுத்துவிட்டேன். தண்ணீர் அதிகமாகி மூன்று அடியழுகிப் போயின. ஒன்று காரணமே தெரியாமல் கருகியது. மூன்று தேறியிருக்கின்றன.

2024 வைகாசி 26

உறவினர் வீட்டுக்குக் கனகராயன்குளம் போய்த் திரும்பும் வழியில், கனகராயன் ஆற்றின் கரையில் நின்ற நாட்டு அத்தியின் அடியில் ஒரு மணிநேரம் இருந்தேன். ஆறு வற்றி மணலாகக் கிடந்தது. மரம் மாத்திரம் பச்சையாக நின்றது. அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் நேரடியாகக் குலைகுலையாகப் பழங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. காயானவை பச்சையாகவும் கனிந்தவை செங்கல் நிறமாகவும் இருந்தன. கீழே விழுந்து நசுங்கிய பழங்களின் புளித்த மணத்துக்கு எறும்புகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

பையில் இருந்த சவர அலகினால் ஒரு காயை நடுவே பிளந்தேன். உட்புறச் சுவர் முழுவதும் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள், வெல்வெற்றுத் துணியைப் புரட்டிப் போட்டதைப் போல, மையத்தை நோக்கி நெருக்கமாக நின்றன. அத்தி பூத்தாற்போல என்று அரிதாக வருகின்றவரைப் பார்த்துச் சொல்கிறோம். உண்மையில் அத்தி ஒவ்வொரு காயிலும் பூக்கிறது; கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பூப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. அடுத்துப் பிளந்த பழுத்த பழத்திலிருந்து எள்ளை விடச் சிறிய கரிய குளவிகள் சில என் விரலில் ஏறி, சிறகு உலர்ந்ததும் பறந்தன. தாய்க்குளவி காயின் நுனியில் உள்ள கண்போன்ற துளையால் சிறகு முறிய நெருக்கி உள்ளே புகுந்து, தான் பிறந்த பழத்திலிருந்து சுமந்து வந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே இறந்துபோகும். அதன் பிள்ளைகளே என் விரலில் ஏறியவை. அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு என்ற பழமொழியைச் சிறுவயதில் அருவருப்போடு கேட்டிருக்கிறேன். இனி அப்படிக் கேட்க முடியாது.

நாட்டு அத்திக்கு உரிய குளவி வேறு, சீமை அத்திக்கு உரிய குளவி வேறு. ஒன்று மற்றையதற்கு உதவாது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் தோட்டக்காரர்கள் 1880களில் சிமிர்னா அத்தியைக் கொண்டுபோய் நட்டு, என்னைப் போலவே காய்கள் உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1899இல் அதற்குரிய குளவி அங்கே நிலைகொண்ட பின்னர்தான் அவர்களுடைய மரங்கள் பழுத்தன. இதை அறிந்த பின்னர், தறித்த என் மரத்தின்மீது இருந்த கோபம் போய்விட்டது.

2024 ஐப்பசி 6

முதல் மழை விழுந்து மண் இளகிவிட்டது. இடைக்காலத்தில், சோளகக் காற்று இலைகளைக் கருக்கிய மாதங்களில், மூன்று கன்றுகளையும் உரப்பைகளில் வைத்து வேலியோர நிழலில் காப்பாற்றினேன். இன்று அவற்றை நிலத்தில் நட்டேன்.

கத்தரியும் தக்காளியும் நின்ற பழைய பாத்திகளைத் தவிர்த்தேன். அவற்றின் வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்யும் கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழு அத்தியின் வேரையும் விடாது. மணற்பாங்கான மண்ணில் அதன் தொல்லை இன்னும் கூடுதல். கிணற்றடிக்கும் வேம்புக்கும் இடையில், நாள் முழுவதும் வெயில் விழும் இடத்தைத் தெரிவுசெய்தேன். 2010இல் நாங்கள் மீளக்குடியமர்ந்தபோது இந்த வளவில் உயிரோடு நின்றது அந்த வேம்பு ஒன்றுதான். அதன் அருகில் எதை நட்டாலும் எனக்கு ஒரு தைரியம் வரும்.

அலவாங்கோடு உதவிக்கு வந்த பக்கத்து வளவு அண்ணர், “கிடங்கு ஆழமாய் வெட்டு பிள்ளை, தண்ணி நிண்டாத்தான் கோடையிலை பிடிக்கும்” என்றார். அவர் நாற்பது ஆண்டுகளாகத் தென்னை வைத்தவர். வன்னியின் எட்டு மாத வறட்சியை அறிந்த எவரும் அப்படித்தான் சொல்வர். நானோ மேடு கட்டி நடுவதென்று தீர்மானித்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்து, ஒரு கன்றை அவர் சொன்னபடி இரண்டடிக் கிடங்கில் வைத்தேன். மற்ற இரண்டையும், மேல்மண்ணும் மக்கிய மாட்டெருவும் கலந்து ஒன்றரை அடி உயரமும் நான்கடி அகலமும் கொண்ட மேடுகளில் வைத்தேன்.

2024 கார்த்திகை 27

நேற்று முதல் மழை விடவேயில்லை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருக்கிறது. வளவில் கணுக்கால் அளவு வெள்ளம். மேடுகள் இரண்டும் தீவுகளைப் போலத் தெரிகின்றன. கிடங்குக் கன்றின் அரைவாசி தண்ணீருக்குள் நிற்கிறது. மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் வெட்டிப் பார்த்தேன். வீதியிலும் அதே மட்டத்தில் வெள்ளம் நிற்கும்போது தண்ணீர் எங்கே ஓடும்?

2024 மார்கழி 1

அந்தத் தாழமுக்கம் பெங்கல் புயலாகி நேற்றிரவு புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்திருக்கிறது. இங்கே வெள்ளம் வடிந்துவிட்டது. ஊரில் வயல்கள் மூழ்கிக் கிடக்கும்போது ஒரு கன்றைப் பற்றி எழுதுவதற்கு மனம் கூசுகிறது, எனினும் எழுதுகிறேன். கிடங்குக் கன்றின் மண் சேறாக இருக்கும்போதே இலைகள் வெயிலில் வாடியவை போலத் தொங்குகின்றன.

2024 மார்கழி 14

கிடங்குக் கன்றைப் பிடுங்கினேன். இழுக்கும்போது எதிர்ப்பே இல்லை. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் மண்ணிறமாகி, விரலால் உருவினால் தோல் கழன்று உள்நார் மாத்திரம் மிஞ்சியது; சேற்றுக் குளத்தின் நாற்றம் வீசியது. வேருக்கும் மூச்சு வேண்டும். தண்ணீர் மண்ணில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு நாட்கணக்கில் நின்றால் அத்தி வேர் மூச்சடைத்து அழுகிவிடும். அண்ணர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, “நான் சொன்ன கிடங்குதான் பிள்ளை இதைக் கொண்டுபோட்டுது” என்று மெல்லச் சொன்னார். தென்னைக்கு அவர் சொன்னது சரி என்று நான் சொன்னேன்; அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

வறண்ட நிலத்து மரம் என்பதால் கோடையில்தான் இதைக் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். கோடையை அது தானே தாங்கிக்கொள்ளும். வன்னியில் அதற்கு ஆபத்து ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையில் இருக்கிறது. மேட்டுக் கன்றுகளிலும் இலையின் அடிப்புறத்தில் மஞ்சள்பொடி தூவியதைப் போலத் துருநோய் வந்திருக்கிறது. நோய்ப்பட்ட இலைகளைப் பொறுக்கி எரித்தேன். மரத்தடியில் ஒரு சருகும் விடவில்லை.

2025 மாசி 2

தை 28 அன்று இரு கன்றுகளையும் முழங்கால் உயரத்தில் வெட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, “வளர்ந்ததை ஏனடி தறிக்கிறாய்?” என்று சத்தம் போட்டார். அத்தி புதிதாக ஓடும் கிளையின் இலைக்கக்கத்தில்தான் முக்கியமாகக் காய்க்கிறது. மழை முடிந்தவுடன் வெட்டினால் மாசி, பங்குனியில் புதுக்கிளை ஓடும். காய்கள் பருத்துப் பழுக்கும் காலம் வைகாசிக்குப் பின்னுள்ள வறண்ட மாதங்களில் விழும். மழையில் பழுத்தால் தோல் வெடித்துப் புளித்துவிடும். ஆகவே வெட்டும் நாளைப் பிழையாகத் தெரிவுசெய்தால் ஓர் ஆண்டுப் பழமும் போய்விடும்.

ஆனால் அன்று நான் செய்த பிழை வேறு. நடுப்பகலில், கையுறை இல்லாமல், குட்டைக்கைச் சட்டையோடு வெட்டி, வழிந்த பாலை உடனே கழுவாமல் விட்டுவிட்டேன். இரண்டு நாளில் முன்கையில் பால் பட்ட கோடுகள் அப்படியே சிவந்து கொப்புளித்தன. அத்திப்பால் தோலை அரிப்பது ஒருபுறம்; அதில் உள்ள ஒரு பொருள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடும். இன்று கொப்புளங்கள் வற்றிக் கருந்தழும்பாகியிருக்கின்றன. சிறுவர்களை இந்த மரத்தில் இலை பறித்து விளையாட விடக்கூடாது. வெட்டுவதானால் மாலையில், நீளக்கைச் சட்டையோடு வெட்ட வேண்டும். பால் பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

2025 சித்திரை 21

ஒவ்வொரு மரத்திலும் நான்கு கிளைகளை மாத்திரம் விட்டு மற்றவற்றைக் கிள்ளினேன். இலைக்கக்கங்களில் மிளகளவில் காய்கள் பிடித்து, இப்போது சுண்டைக்காயளவு பருத்திருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன்: இரண்டிலுமாகப் பத்தொன்பது. வருடப்பிறப்புக்கு வவுனியாவில் தங்கச்சி வீட்டுக்குப் போய் ஒரு கிழமை நின்றுவிட்டோம். திரும்பி வந்தபோது அவற்றில் நான்கு உதிர்ந்து கிடந்தன. மரம் தாகத்தால் சாகாது. ஆனால் காயும் நேரம் காயவிட்டு, பின்னர் வெள்ளமாக ஊற்றுவது அதற்குப் பிடிப்பதில்லை. வைக்கோலை நான்கு விரற்கடை தடிப்புக்குப் பரப்பி மூடி, மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு வாளி என்று ஒழுங்கு செய்திருக்கிறேன். அடிமரத்தோடு வைக்கோல் முட்டாமல் ஒரு சாண் விட்டிருக்கிறேன். முட்டினால் கறையான் ஏறும்.

2025 ஆனி 15

காய்கள் நிறம் மாறத் தொடங்கியதும் அணிலும் புலுனியும் வந்துவிட்டன. பழைய நுளம்பு வலையை வெட்டிச் சிறு பைகளாகத் தைத்து ஒவ்வொரு காய்க்கும் கட்டினேன். குரங்குகளுக்கு எந்தப் பையும் ஒரு பொருட்டில்லை. முந்தநாள் காலை ஐந்தாறு குரங்குகள் வந்து ஒரு கிளையையே முறித்து ஆறு காய்களைக் கடித்தெறிந்துவிட்டுப் போயின. கச்சானும் இளநீரும் போய் இதுவும் போனால் வன்னியில் ஒரு வீட்டுக்காரி எதைத்தான் வளர்ப்பது? அன்றிலிருந்து விடியற்காலையில் தேநீரோடு மரத்தடியிலேயே இருக்கிறேன்.

2025 ஆடி 6

சென்ற கிழமை பொறுமையிழந்து ஒன்றைப் பறித்தேன். நிறம் வந்திருந்தது, ஆனால் காம்பு நிமிர்ந்திருந்தது. பறித்த இடத்தில் பால் கசிந்தது. அரிசிப்பானைக்குள் மூன்று நாள் வைத்தும் இனிக்கவில்லை. மாம்பழத்தைப் போல அத்தி பறித்த பின்னர் பழுக்காது.

இன்று விடிய ஐந்தரை மணிக்குப் பார்த்தபோது, கிழக்குப் பக்கக் கிளையின் அடிக்காய் கழுத்து வளைந்து நிலத்தைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஊதா நிறத் தோலில் மெல்லிய வெள்ளைக் கீறல்கள். நுனிக் கண்ணில் ஒரு துளி தேன் நின்றது. தொட்டதும் காம்போடு கையில் வந்தது, பால் இல்லை. நான்காக வெட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பாக, கனகராயன் ஆற்றங்கரையில் பார்த்த அதே பூக்கள் கூழாகி இனிப்பாக இருந்தன. குளவி மாத்திரம் இல்லை. பல்லில்லாத அம்மாவுக்கு அது சிரமமில்லாமல் கரைந்தது. “பனம்பாணி மாதிரிக் கிடக்குது” என்றார்.

வேலிக்கு மேலால் அண்ணருக்கு ஒரு துண்டைக் கொடுத்தேன். நெடுநேரம் வாயில் வைத்திருந்துவிட்டு ஒரு தடி கேட்டார். தை மாதம் வெட்டும்போது தருகிறேன் என்றேன். மாலையில் பார்த்தபோது, தன் வளவின் மேற்கு மூலையில் மண்ணை அள்ளிக் குவித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டி, இவ்வளவு உயரம் போதுமா என்று கேட்டார்.