தமிழிலேயே பதில் வந்தால் கன்னடம் எப்போது பேசுவது?

பெங்களூருவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. கன்னடம் நன்றாகவே புரியும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் யாரோடு சண்டை போடுகிறார் என்பது வரைக்கும். வாய்தான் வராது. கூச்சம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் இந்த ஊரில் கன்னடம் பேசாமலே காலம் தள்ளிவிடலாம் என்பதுதான் பெரிய சிக்கல். மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் பூக்கார அம்மாவிடம் "ஒந்து மொள எஷ்டு?" (ஒரு முழம் எவ்வளவு?) என்று தைரியமாகக் கேட்பேன், அந்த மூன்று வார்த்தையிலேயே என் ஊரைக் கண்டுபிடித்து "முழம் முப்பதுப்பா" என்று தமிழில் சொல்லிவிடுவார். ஆட்டோக்காரரும் அப்படித்தான். ஆபீஸில் இங்கிலீஷ், வாசலில் செக்யூரிட்டியிடம் ஹிந்தி. எல்லாரும் நல்ல மனசோடுதான் மாறுகிறார்கள், எனக்குத்தான் பேச இடமில்லாமல் போகிறது.

தமிழ் தெரிந்தால் கன்னடம் சுலபம் என்பார்கள். பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து என்று அந்த 'ப', 'ஹ' கணக்கு பிடிபட்டால் நிறைய வார்த்தைகள் தானாக வரும், உண்மைதான். ஆனால் அங்கே 'சாக்கு' என்றால் போதும், 'கொடி' என்றால் கொடுங்கள். தெரிந்த ஒலியில் வேறு அர்த்தம் வரும்போது நாக்கு தயங்கி நின்றுவிடும்.

1998இல் பீட்டர் மக்கின்டயரும் இன்னும் மூன்று ஆய்வாளர்களும், ஒருவர் இரண்டாம் மொழியில் பேச முன்வருவதை ஆறு அடுக்குப் பிரமிடாக வரைந்தார்கள். உச்சியில் பேச்சு, அடுத்து பேசத் துணியும் மனசு. அதற்கு நேர் கீழே இரண்டு விஷயம்: குறிப்பிட்ட ஒரு ஆளிடம் பேச வேண்டும் என்ற ஆசை, அந்த நேரத்துத் தன்னம்பிக்கை. மொழித்திறன் அதற்கும் கீழே, ஐந்தாவது அடுக்கில்தான். அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பூக்கார அம்மா முகம்தான் ஞாபகம் வந்தது. ஊர் முழுக்க வேண்டாம், ஒரு ஆள் போதும்.

போன சனிக்கிழமை கேட்டுவிட்டேன். "அம்மா, நன் ஜொதெ கன்னடதல்லே மாத்தாடி." என்னோடு கன்னடத்திலேயே பேசுங்கள் என்று. அவர் சிரித்துக்கொண்டே, "சரி, எஷ்டு மொள பேக்கு?" என்றார், எத்தனை முழம் வேண்டும் என்று. "எரடு" என்றேன், இரண்டு. யாருக்கு என்று கேட்டார், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவுக்கு என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும் வரை, பின்னால் ஆள் நிற்கும்போதும், நாரைச் சுற்றியபடி அவசரப்படாமல் காத்திருந்தார். தமிழில் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை.

மறுநாள் போனதும் அவரே ஆரம்பித்தார், நேற்றுப் பூ நன்றாக இருந்ததா என்று. இறந்தகாலம் எனக்குக் கைவரவில்லை. "அம்மா தும்ப குஷி" என்றேன், அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம் என்ற அர்த்தத்தில். அவருக்குப் புரிந்துவிட்டது.