வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், கூட இருக்க ஆள்தான் கிடைக்கவில்லை

சிங்கப்பூரில் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வாடகை வீட்டுக்கு எவ்வளவு வாடகை என்று சொன்னால் புதிதாகக் கேட்பவர்கள் நம்புவதில்லை. ஓரறை வீட்டுக்கு மாதம் 26 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) ஆரம்பித்து 205 வெள்ளி வரை. ஈரறை என்றால் 44 முதல் 275 வரை. குடும்ப வருமானம் 800 வெள்ளிக்குள்ளா அதற்கு மேலா, இதற்கு முன் மானியத்தில் வீடு வாங்கியவரா என்று பார்த்து இதில் எந்தப் படி என்று முடிவு செய்வார்கள். நாங்கள் விண்ணப்பித்தபோது வருமான வரம்பு 1,500 வெள்ளி. அதே சமயத்தில் வெளியில் ஒரு அறைக்கு மட்டும் மாமா 700 வெள்ளி கொடுத்துக்கொண்டிருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. விவாகரத்தானவர். மூவறை வீட்டை விற்றுப் பல வருடம் ஆகிறது. கையில் வந்த பணம் கடனுக்கே போய்விட்டது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு உணவங்காடியில் பகுதிநேரமாகத் தட்டு எடுக்கிறார். 700 வெள்ளி வாடகை போனால் சாப்பாட்டுக்கு என்ன மிஞ்சும்?

முதலில் அவர் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்க வேண்டும் என்றுதான் பிடிவாதமாக இருந்தார். பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அங்கே கடிதம் எழுதி வாங்கினாலும் கடைசியில் வீவக கேட்பது அதே பத்திரங்களைத்தான். அதனால் விண்ணப்பத்தை முதலில் போடுவோம், சிக்கல் வந்தால் அங்கே போகலாம் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். இப்போதும் யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

பத்திரங்களில் சம்பளச் சீட்டும் மத்திய சேமநிதிச் சந்தா விவரமும் பிரச்சினையே இல்லை. அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கில் நுழைந்தால் பத்து நிமிட வேலை. விவாகரத்துக் காகிதம்தான் எங்களை அலைய வைத்தது. மாமாவிடம் இருந்தது இறுதித் தீர்ப்பின் நகல் மட்டும். வீடு யாருக்கு, விற்ற பணம் எப்படிப் பிரிந்தது, பிள்ளை யாரிடம் என்பதெல்லாம் நீதிமன்றத்தின் இன்னொரு உத்தரவில் இருக்கும். அதுவும் வேண்டும். பழைய வழக்கு எண்ணைக் கண்டுபிடித்து, கட்டணம் கட்டி நகல் எடுத்தோம். விவாகரத்தானவர்கள் யாராவது இதைப் படித்தால், விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்னாலேயே அந்த உத்தரவு வீட்டில் எங்கே இருக்கிறது என்று தேடிவிடுங்கள். வீட்டை விற்று 30 மாதம் தாண்டியிருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாமாவுக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது.

வீவக நேர்காணல் மரியாதையாகத்தான் நடந்தது. ஒரு கேள்விதான் அவரைச் சுட்டது. பிள்ளைகளோடு ஏன் இருக்க முடியாது? நியாயமான கேள்விதான். வாடகை வீடு என்பது வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்கு. ஆனால் பத்து வருடமாகப் பேசாத மகளைப் பற்றி மேசைக்கு எதிரே இருக்கும் இளம் அதிகாரியிடம் என்னவென்று சொல்வது? மாமா தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் பேசினேன். மகள் மாமியார் வீட்டில் இருக்கிறாள், இடமும் இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை என்று உள்ளதைச் சொன்னோம். சுற்றி வளைத்துப் பேசியிருந்தால் கேள்விகள் இன்னும் நீண்டிருக்கும்.

இனிதான் உண்மையான தலைவலி. தனி ஆளாக இருப்பவர்களுக்கு வாடகை வீடு பொதுவாகத் தனியாகக் கிடைப்பதில்லை. ஒற்றையர் இருவர் சேர்ந்து ஒரு வீட்டை எடுக்க வேண்டும். வயது 35 ஆகியிருக்க வேண்டும். ஓரறை வீடு என்றால் தனிப் படுக்கையறை கிடையாது. ஒரே கூடம், ஒரு சமையல் மூலை, ஒரு குளியலறை. அதில் முன்பின் பழகாத இரண்டு பெரியவர்கள். யோசித்துப் பாருங்கள், நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களோடு மூன்று நாள் அறையைப் பகிர்ந்துகொள்ளவே நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் வருகிறேன் என்றார். பத்திரங்களையும் கொடுத்தார். அப்புறம் அவருடைய அண்ணன் வீட்டிலேயே இடம் கிடைத்துவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. இன்னொருவர் வீட்டுக்குள் புகைப்பவர். மாமாவுக்கு ஆகாது.

அப்போதுதான் இன்னொரு வழி தெரிந்தது. 2021 டிசம்பரில் வீவக ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கியது. அதில் நாமே ஆள் தேட வேண்டியதில்லை, தனியாக விண்ணப்பிக்கலாம். வீடுகளைக் கவனித்துக்கொள்ளும் ஒரு சமூக சேவை அமைப்பு, பழக்கவழக்கங்களைக் கேட்டுப் பொருத்தமானவர்களைச் சேர்த்து வைக்கும். நடுவில் தடுப்பும் உண்டு. சண்டை வந்தால் சமாதானம் பேச ஊழியர்கள் இருப்பார்கள். என்னைக் கேட்டால் முழுத் திட்டத்தையும் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் வைத்திருக்க வேண்டும். வீடில்லாதவரிடம் போய் உனக்கு ஒரு கூட்டாளியைப் பிடித்துக்கொண்டு வா என்பது என்ன கணக்கு?

எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், சமைப்பீர்களா, வானொலி கேட்பீர்களா என்றெல்லாம் கேட்டார்கள். மாமாவுக்குக் காலை ஐந்துக்கே ஒலி 96.8 வேண்டும். அதையும் சொல்லச் சொன்னேன். சில மாதக் காத்திருப்புக்குப் பிறகு அமைந்தவர் அறுபது வயதுச் சீனர், இரவு வேலைக்காரர். மாமா எழுந்திருக்கும்போது அவர் இன்னும் வேலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டார். இருவருக்கும் பொதுவான மொழி கொஞ்சம் மலாய்தான். சாப்பிட்டாச்சா, மழை வருது, சாவி எங்கே என்ற அளவுக்குப் போதுமாக இருக்கிறது.

சாவி வாங்கும் நாளில் வைப்புத்தொகையும் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டியிருந்தது. வாடகையைத் தவிர மின்சாரம், தண்ணீர், நகர மன்றப் பராமரிப்புக் கட்டணம் எல்லாம் உண்டு. அரசாங்கம் தரும் கட்டணக் கழிவுகள் வந்து ஒரு பகுதியைத் தாங்கும். மாமா இரண்டாம் முறைக்காரர், அதாவது முன்பே மானியத்தில் வீடு வாங்கியவர் என்பதால் 26 வெள்ளிப் படி அவருக்கு இல்லை. இருந்தும் பழைய அறை வாடகையோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும்.

குத்தகை இரண்டு வருடம். புதுப்பிக்கும்போது வருமானத்தை மறுபடி பார்ப்பார்கள். உயர்ந்திருந்தால் வாடகையும் உயரும். இதற்குப் பயந்து, முதலாளி கூடுதல் நேரம் தருகிறேன் என்றும் மாமா வேண்டாம் என்கிறார். வாடகை உச்சப் படிக்கே போனாலும் நூறு வெள்ளிக்கு மேல் ஏறாது, கூடுதல் நேரத்தில் அதைவிட அதிகம் கிடைக்கும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கிறேன். சரி சரி என்று தலையாட்டுகிறார், இன்னும் முதலாளியிடம் பேசவில்லை.