ஆன்டிபாடி கூடினால் நல்லதுதானே?

எங்கள் மகனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், நுரையீரலில் சளி கெட்டியாகித் தேங்கும் பரம்பரை நோய். இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளுக்குக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பார்களே, அதிலேயே தெரிந்துவிட்டது. அப்போதிருந்து வீட்டில் அடிக்கடி அடிபடும் பெயர் சூடோமோனாஸ். ஈரம் இருக்கும் இடமெல்லாம் இருக்கிற பாக்டீரியாதான். ஆனால் இவனைப் போன்றவர்களின் கெட்டிச் சளியில் குடியேறிவிட்டால் கிளப்புவது பெரும்பாடு.

சின்னப் பிள்ளைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது. நர்ஸ் தொண்டைக்குள் பஞ்சுக்குச்சியை விட்டு இருமச் சொல்வார். நுரையீரலின் அடியில் இருப்பதெல்லாம் அந்தக் குச்சியில் சிக்கிவிடாது. அதனால் எங்கள் கிளினிக்கில் வருடாந்தரப் பரிசோதனையில் ரத்தத்தில் சூடோமோனாஸ் ஆன்டிபாடியையும், அதாவது அந்தக் கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் புரதத்தையும், பார்ப்பார்கள்.

ஒரு வருடம் குச்சியில் ஒன்றுமில்லை, ஆன்டிபாடி மட்டும் ஏறியிருந்தது. "எதிர்ப்புச் சக்தி கூடியிருக்கு, நல்லதுதானே?" என்று அம்மா ஊரிலிருந்து போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கிருமி நாள்பட்டுத் தங்கினால் ஆல்ஜினேட் என்ற வழவழப்பான கூட்டைக் கட்டிக்கொண்டு உள்ளே பதுங்கிவிடும். ஆன்டிபாடி எவ்வளவு சுரந்தாலும் அதை ஒழிக்க முடியாது. வெள்ளையணுக்கள் மட்டும் வந்து குவிந்துகொண்டே இருக்கும். அவை கக்கும் நொதிகள் நுரையீரலையே அரிக்கும். ஆன்டிபாடி அதிகம் உள்ளவர்களுக்கு நோய் மோசமாகப் போவதை டென்மார்க்கில் நீல்ஸ் ஹொய்பி என்ற மருத்துவர் 1970களிலேயே கவனித்துச் சொல்லியிருக்கிறார்.

சரி, ஆன்டிபாடி ஏறியிருக்கிறதென்றால் கிருமி உள்ளே இருக்கலாம், எங்கே? உப்புநீரை நெபுலைசரில் இழுக்க வைத்து, பிசியோதெரபிஸ்ட் முதுகில் தட்டித் தட்டி ஒரு ஸ்பூன் சளியை வெளியே எடுத்தார். அதில் சூடோமோனாஸ் வளர்ந்தது.

ஆஸ்பத்திரியில் படுத்து ஊசி போட வேண்டுமோ என்று பயந்தோம். அப்படிப் போடுவதால் கூடுதல் பலன் இல்லை என்று 2020இல் வெளியான டார்பிடோ ஆய்வு சொல்கிறது என்றார் டாக்டர். வாய்வழி சிப்ரோஃப்ளாக்ஸசின், கூடவே நெபுலைசரில் காலிஸ்டின், இரண்டுமே ஆன்டிபயாட்டிக், மூன்று மாதம். காலிஸ்டின் குப்பியைக் குலுக்கினால் நுரைத்துவிடும். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல உருட்ட வேண்டும். சிப்ரோவைப் பாலோடு கொடுக்கக் கூடாது. அதைச் சாப்பிடும்போது வெயில் பட்டால் தோல் எரியும். காலையில் பால் இல்லையென்றால் இவன் செய்யும் ரகளை தனிக் கதை.

அதற்கப்புறம் எடுத்த மாதிரிகளில் கிருமி இல்லை. ஆன்டிபாடி உடனே இறங்காது, மெதுவாகத்தான் குறையும் என்றார்கள். இடையில் வேறு லேபுக்கு மாற்றிவிட்டதால் அடுத்த எண்ணைப் பழையதோடு ஒப்பிட முடியாமல் போனது, எரிச்சல். லேபுக்கு லேப் முறையும் அளவும் வேறு. இப்போதெல்லாம் ரிசல்ட் வாங்கும்போதே எந்த லேப், போன வருட எண் என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன்.