பட்டா முதலில், பேச்சுவார்த்தை அப்புறம்

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், போர்ட்லாந்து பக்கம் வேலைக்கு வந்த நாமெல்லாம் அருவி, கடற்கரை, காஸ்ட்கோ என்று சுற்றிவிட்டு ஊரை முழுக்கப் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே நூலகம், அருங்காட்சியகம், ஏன், பியர் கடையில்கூட உள்ளூர் வரலாற்றுப் பேச்சு நடக்கும். பெரும்பாலும் இலவசம், பாதிக்கு மேல் நரைத்த தலைகள், நம் முகம் ஒன்று தெரிந்தாலே அதிசயம்.

இந்தப் பேச்சுகளில் வழக்கமான கதை, குடியேறிகள் மேற்கே வந்த ஒரேகான் பாதைதான். 1843இல் ஏறத்தாழ ஆயிரம் பேர் மிசூரியிலிருந்து மாட்டுவண்டிகளோடு கிளம்பினார்கள். சுமார் 2,000 மைல், வண்டி முழுக்க மாவும் உப்புக்கறியும் என்பதால் ஆட்கள் பெரும்பாலும் நடந்தே வந்தார்கள். சினிமாவில் அம்பு பட்டுச் சாவார்கள், நிஜத்தில் காலரா கொண்டுபோனதுதான் அதிகம். சரி, இது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும்.

எனக்குச் சுவாரசியம் நில விவகாரத்தில். 1850ஆம் வருடச் சட்டப்படி, முன்பே வந்து குடியேறிய வெள்ளைக்கார ஆண் தனியாளாக இருந்தால் 320 ஏக்கர், கல்யாணமானவர் என்றால் 640, அதில் பாதி மனைவி பெயரிலேயே. அந்தக் காலத்தில் பெண் பேரில் சொத்து என்பது பெரிய விஷயம்தான், ஆனால் அந்த ஏக்கருக்காகவே பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமிகளைத் தேடிப்பிடித்துக் கட்டிக்கொண்டவர்களும் இருந்தார்கள். இதைக் கேட்டபோது அரங்கில் யாரும் சிரிக்கவில்லை.

வந்தவர்கள் இங்கேயுள்ள வில்லாமெட் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்து, மரம் வெட்டாமலே ஏர் ஓட்டலாம், கடவுள் கொடுத்த புல்வெளி என்று பூரித்தார்கள். கடவுள் இல்லை, கலப்புயா என்ற பழங்குடி மக்கள். கேமஸ் கிழங்கும் விதைகளும் நன்றாகக் கிடைக்கவும் மான் மேயவும் தலைமுறை தலைமுறையாக வருடந்தோறும் தீ வைத்துப் பராமரித்த நிலம் அது. 1830களில் மலேரியா வந்து அவர்களில் மிகப் பெரும்பாலானோரைக் கொன்றுவிட்டதால்தான் காலியாகத் தெரிந்தது. மிஞ்சியவர்களோடு உடன்படிக்கை போட்டது 1855இல். அடுத்தவன் நிலத்துக்குப் பட்டா கொடுத்துவிட்டு, ஐந்து வருடம் கழித்துக் கிரயம் பேசப் போன மாதிரி. மறுவருடமே அவர்களைக் கிராண்ட் ரோண்டு என்ற பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஜார்ஜ் புஷ் கதையும் உண்டு. கறுப்பின முன்னோடி, 1844இல் குடும்பத்தோடு வந்தவர். அதே வருடம் கறுப்பர்கள் இங்கே தங்கக்கூடாது என்று சட்டம் வந்துவிட, அவர் கொலம்பியா ஆற்றைத் தாண்டி வடக்கே போய்விட்டார். அங்கும் அவர் நிலம் அவருக்கே என்றாக 1855இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஒரேகான் அரசியலமைப்பிலிருந்த தடையை நீக்கியதோ 1926இல்!

எல்லாப் பேச்சும் நன்றாக இருக்காது. ஸ்லைடைப் பார்த்து அப்படியே வாசிப்பவர்களும் உண்டு. பழங்குடியினரே பேசுகிற கூட்டமாகப் பார்த்துப் போங்கள். கிராண்ட் ரோண்டில் அவர்களே ஒரு அருங்காட்சியகமும் நடத்துகிறார்கள். லிங்கன் சிட்டி கடற்கரைக்குப் போகிற வழிதான், நமக்கு அங்கே கேசினோ மட்டும்தான் தெரிந்திருக்கிறது.