முடிவு யார் கையில்? சிவில் உரிமைப் போராட்டத்தை வகுப்பில் நடத்துவது பற்றி

அமெரிக்க சிவில் உரிமை இயக்கத்தைப் பெரும்பாலான மாணவர்கள் ஏற்கெனவே தெரிந்த கதையாகத்தான் கொண்டுவருகிறார்கள். களைத்துப்போன ஒரு கறுப்பினப் பெண் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார், ஒரு போதகர் அருமையாகப் பேசினார், சட்டம் மாறியது. இதில் துணிச்சல் இருக்கிறது, திட்டம் இல்லை. திட்டத்தைக் கண்ணில் காட்டுவதுதான் இந்தப் பாடத்தின் வேலை.

அதற்கு ஒரு தாளும் அதில் கோடிட்டுப் பிரித்த நான்கு பத்திகளும் போதும்: கோரிக்கை என்ன, அதற்கு இணங்கும் அதிகாரம் யாரிடம், அவருக்கு எங்கே வலிக்கும், நமக்கு என்ன செலவாகும். ஒவ்வொரு நிகழ்வையும் இதே தாளில் நிரப்பச் சொல்லுங்கள். இரண்டாவது பத்தியில் 'அரசு' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நகராட்சியா, பேருந்து நிறுவனமா, மாநில நீதிமன்றமா, கூட்டாட்சி நீதிமன்றமா என்று பிரிக்காதவரை அடுத்த பத்தி நகராது.

முதல் நிகழ்வாக அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரை எடுப்பது நல்லது, அங்கே கணக்குப் போட இடமிருக்கிறது. ரோசா பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பர் 1, வியாழன். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் தான் பணியாற்றிய கல்லூரியின் நகலெடுக்கும் கருவியில், பேருந்துகளைப் புறக்கணிக்கச் சொல்லும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டார். திங்களன்று பேருந்துகள் காலியாக ஓடின. இது ஓரிரவில் முளைத்ததல்ல. அவர் சார்ந்த பெண்கள் அமைப்பு 1954 மே மாதமே புறக்கணிப்பு வரலாம் என்று மேயருக்கு எழுதியிருந்தது. பார்க்ஸும் அப்போது 42 வயதுக்காரர், கறுப்பினத்தவர் உரிமைக்கான சங்கத்தின் உள்ளூர்க் கிளைச் செயலாளராக இருந்தவர். இந்த இரண்டு தகவல்களிலேயே 'களைத்த மூதாட்டி' கதை கலைந்துவிடும்.

பிறகு போக்குவரத்துக் கணக்கு. பேருந்துப் பயணிகளில் சுமார் முக்கால் பங்கு கறுப்பின மக்கள். அவர்களை வேலைக்கு எப்படிக் கொண்டுபோவது? முதலில் கறுப்பின டாக்சி ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றிக்கொண்டார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைக் காட்டி நகராட்சி அதை அடைத்தது. அடுத்து, 1953இல் பேட்டன் ரூஜ் நகரில் செய்து பார்த்த கார் பகிர்வு முறை வந்தது, சுமார் 300 கார்களோடு. மாணவர்களிடம் கணக்குக்காக 18,000 பயணிகள் என்று கொடுங்கள். ஒரு காருக்கு ஐந்து பேர் வீதம் ஒரு நடைக்கு 1,500 பேர், ஆக எல்லோரையும் சேர்க்கப் பன்னிரண்டு நடை. காலையில் பன்னிரண்டு, மாலையில் பன்னிரண்டு. ஏன் அத்தனை பேர் நடந்தே போனார்கள் என்பதை அதன்பின் யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்ளூரில் கார் காப்பீட்டை ரத்து செய்ய, லண்டன் லாய்ட்ஸ் வரை போய்க் காப்பீடு வாங்கினார்கள் என்பதையும் சொல்லுங்கள். நான்காவது பத்தி தானாகவே நிறையும்.

இங்கே அடிக்கடி வழுக்கும் இடம் ஒன்று உண்டு: 381 நாள் புறக்கணிப்புதான் வென்றது என்று எழுதிவிடுவார்கள். பேருந்துப் பிரிவினையை, அதாவது வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி இருக்கை என்ற விதியை, முறித்தது கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுத்த தனி வழக்கு. அதில் பார்க்ஸ் வாதி அல்ல. பார்க்ஸுக்கு முன்பே, 1955 மார்ச்சில், 15 வயதில் கைதான கிளாடெட் கால்வின் உட்பட நான்கு பெண்கள் வாதிகள். 1956 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. அதே நாளில்தான் கார் பகிர்வுக்கு உள்ளூர் நீதிமன்றம் தடை போட்டது. வழக்கு மட்டும் போதுமா, புறக்கணிப்பு மட்டும் போதுமா என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடலாம். ஒரு முடிவுக்குக் கொண்டுவர முயலாதீர்கள்.

நேரம் குறைவென்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஆல்பனியையும் பர்மிங்காமையும் மட்டும் அருகருகே வையுங்கள். தோல்வியைப் படிக்காத வகுப்புக்கு உத்தி என்றால் என்னவென்றே புரியாது. ஜார்ஜியாவின் ஆல்பனியில் 1961, 62இல் எல்லாப் பிரிவினையையும் ஒரே நேரத்தில் எதிர்த்தார்கள். காவல்துறைத் தலைவர் லாரி பிரிட்செட் அறவழிப் போராட்ட முறையை முன்கூட்டியே படித்துவைத்தவர். அடிக்காமல் கைது செய்தார். சிறை நிரம்பாதபடி சுற்றுவட்டாரச் சிறைகளில் இடம் பிடித்துவைத்தார். கேமராவுக்குக் காட்சியும் இல்லை, நகரத்துக்கு நெருக்கடியும் இல்லை. ஒரு குழுவுக்குப் பிரிட்செட்டின் இடத்தைக் கொடுத்து அவர் பக்கத்திலிருந்து தாளை நிரப்பச் சொன்னால், எதிராளியும் யோசிப்பான் என்பது உறைக்கும்.

1963இல் அலபாமாவின் பர்மிங்காமில் இலக்கு சுருங்கியது: நகர மையக் கடைகள், ஈஸ்டர் விற்பனைக் காலம். மேயர் தேர்தலின் இரண்டாம் சுற்று ஏப்ரல் 2 அன்று முடியும்வரை காத்திருந்து மறுநாள் தொடங்கினார்கள். சிறைக்குப் போகத் தயாரான பெரியவர்கள் குறையவே, மே 2 முதல் பள்ளி மாணவர்கள் இறங்கினார்கள். அடுத்த நாளே, நகரின் காவல், தீயணைப்புத் துறைகளுக்குப் பொறுப்பான ஆணையர் புல் கானரின் ஆட்கள் அவர்கள்மீது தீயணைப்புக் குழாய்களைத் திருப்பினார்கள். மே 10 அன்று வணிகர்களோடு உடன்பாடு. பிள்ளைகளை அனுப்பியது சரியா என்ற கேள்வி அன்றே எழுந்தது. உங்கள் வகுப்பிலும் எழும், அதற்கு அரைமணி நேரம் ஒதுக்கிவையுங்கள்.

நடித்துக் காட்டுவது பற்றி ஒரு எச்சரிக்கை. நாஷ்வில்லில் ஜேம்ஸ் லாசன் நடத்திய பயிற்சிகளில் மாணவர்கள் ஒருவரையொருவர் ஏசியும் தள்ளியும் பழகினார்கள் என்பதைப் படித்ததும், அதையே வகுப்பில் செய்து பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். அவர்கள் வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறும் உணவுக்கடைகளில் போய் உட்கார, அங்கே அடி விழும் என்று தெரிந்தே, தாமாக முன்வந்து தயாரானவர்கள். வகுப்பில் அது வெறும் அவமானமாக முடியும், அதுவும் எப்போதும் சிறுபான்மை மாணவர்களுக்கே. நடிக்க வேண்டுமானால் கூட்டத்தை நடியுங்கள்: ஐந்து பேர், 25 நிமிடம், கையில் இருக்கும் பணம், ஆள், நாள் எழுதிய அட்டைகள், இறுதியில் ஒரு வாக்கெடுப்பு.

தேர்வுக்கு ஒரே கேள்வி போதும்: 1962 கோடையில் ஆல்பனி அமைப்பாளர்களுக்கு நான்கு பத்திகளையும் நிரப்பி ஒரு பக்கத்தில் ஆலோசனை எழுதுக. மூன்றாவது பத்தியில் 'மனசாட்சி' என்று மட்டும் எழுதியிருந்தால் பாதி மதிப்பெண். யாருடைய மனசாட்சி, எந்தச் செய்தி வழியாக அவரை எட்டும் என்பதையும் எழுதியிருந்தால் முழு மதிப்பெண்.